நாற்பத்தைந்துக்கு மேல் க்ரூஸ்: கலகலப்பான கப்பலைத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் க்ரூஸ் போகலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு இரண்டு பயம் உண்டு. கப்பல் முழுக்க எழுபது வயதுக்காரர்கள் இருந்து, ஒன்பது மணிக்கே எல்லோரும் படுக்கப் போய்விடுவார்களோ என்பது ஒன்று. இருபது வயதுப் பிள்ளைகள் விடிய விடியக் கும்மாளம் போடும் இடத்தில் மாட்டிக்கொள்வோமோ என்பது இன்னொன்று. இரண்டுமே நடக்கக்கூடியதுதான். க்ரூஸ் பயணிகளின் சராசரி வயது சுமார் 46 என்று அந்தத் தொழிலின் சர்வதேசச் சங்கமான க்ளியா சொல்வதை வைத்து மட்டும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தையும் எண்பது வயதுத் தாத்தாவும் சேர்ந்து வந்தாலும் சராசரி நாற்பதுக்கு மேல்தான் வரும்.

பெரும்பாலானவர்கள் கம்பெனி பெயரில்தான் தேடலை ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்லப்போவது வேறு வரிசை. ஒரு பயணம் கலகலப்பாக இருக்குமா என்பதை முதலில் தீர்மானிப்பது எத்தனை இரவு, எந்தத் தேதி, எந்தக் கடல் என்ற மூன்றும்தான். கம்பெனி அதற்கு அடுத்து. அதற்கும் அடுத்து, அந்தக் கம்பெனியின் எந்தக் கப்பல் என்பது. ஒரே கம்பெனியின் ஒரே கப்பல் மார்ச் மாதம் ஒரு மாதிரியும் அக்டோபரில் வேறு மாதிரியும் இருக்கும்.

முதல் படி: இரவு பத்து மணிக்கு எங்கே இருக்க ஆசை?

கலகலப்பு என்றால் ஆளுக்கு ஒரு அர்த்தம். இரவு உணவு முடிந்து, மணி பத்து. இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்? ஆட வேண்டுமா? நல்ல லைவ் பேண்ட் பழைய பாட்டு வாசிக்க, உட்கார்ந்து கேட்டால் போதுமா? நகைச்சுவை நிகழ்ச்சியா, கேசினோவா? இல்லை, புதிதாகப் பழகிய நாலு பேரோடு உட்கார்ந்து பேசிச் சிரிக்க ஓர் இடமா?

கணவன் மனைவியாகப் போகிறவர்கள் இதைத் தனித்தனியாக எழுதிப் பார்ப்பது நல்லது. ஒருவருக்கு நடனம், மற்றவருக்குப் பேச்சு என்று வந்தால், ஒரே நேரத்தில் பல அரங்குகள் ஓடும் பெரிய கப்பல் வேண்டும். இருவருக்கும் இசைதான் என்றால் நடுத்தரக் கப்பலே போதும். நண்பர்கள் குழுவாகப் போனால், சேர்ந்து உட்கார இடம் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

இரண்டாம் படி: இரவுகள், தேதி, கடல்

மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் வார இறுதிக் கொண்டாட்டத்துக்கானவை. டிக்கெட் மலிவு, லீவும் அதிகம் தேவைப்படாது. அதனால் இளைஞர்கள், நண்பர் கூட்டங்கள், கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக்காரர்கள் நிறைய வருவார்கள். முதல் இரவிலிருந்தே சத்தம் இருக்கும். ஏழு இரவு என்றால் எல்லா வயதும் கலந்து வரும். பத்து இரவைத் தாண்டினால் ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் கூடிக்கொண்டே போகும், பகலில் சீட்டாட்டமும் சொற்பொழிவும் களை கட்டும், இரவு சீக்கிரம் அடங்கும். நம் வயதுக்கு என் பரிந்துரை ஏழு இரவு. இரண்டாம் நாள் முகம் பழகி, நான்காம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நட்பு வர அந்த அவகாசம் வேண்டும்.

அடுத்து தேதி. கரீபியன் பக்கம் போவதாக இருந்தால் மார்ச் மாதம் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வசந்த விடுமுறை; ஜூன் முதல் ஆகஸ்ட் நடு வரை பள்ளி விடுமுறை. முதலாவதில் இளசுகள், இரண்டாவதில் குழந்தைகள். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கார்னிவல், ராயல் கரீபியன் கப்பல்களில் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையில்லாமல் பதிவு செய்ய முடியாது. அதனால் கல்லூரிக் கூட்டம் கொஞ்சம் கட்டுப்படும். ஆனால் முழுக்கத் தவிர்க்க முடியாது. ஜனவரி இரண்டாம் வாரம் முதல் பிப்ரவரி தொடக்கம் வரையும், செப்டம்பர் முதல் டிசம்பர் தொடக்கம் வரையும் பெரியவர்கள் அதிகம் வரும் காலம். இதில் செப்டம்பர் புயல் உச்சத்தில் இருக்கும் மாதம், பயணப் பாதை கடைசி நேரத்தில் மாறலாம். நவம்பரை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். சிங்கப்பூரிலிருந்து போவதென்றால் ஜூன் மாதமும் நவம்பர் கடைசி முதல் டிசம்பர் வரையும் அங்கே பள்ளி விடுமுறை. ஏப்ரல், மே மாதங்களில் இந்தியக் குடும்பங்கள் குவியும்.

கடல் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. கரீபியனில் ஏழு இரவில் இரண்டு, மூன்று நாள் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. அந்த நாட்களில்தான் நீச்சல் குளத்தருகே பேண்ட், போட்டி, ஆட்டம் எல்லாம். மத்தியதரைக் கடலில் அநேகமாகத் தினமும் ஒரு ஊர். காலை ஏழு மணிக்கு இறங்கி ரோம், நேப்பிள்ஸ் என்று வெயிலில் பத்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வருகிறவருக்கு இரவு ஆட்டம் போடத் தெம்பு இருக்காது. ஊர் பார்ப்பதே குறிக்கோள் என்றால் அது சரிதான். அலாஸ்காவில் பனிப்பாறையும் திமிங்கிலமும் பார்க்க எல்லோரும் விடியற்காலையில் எழுந்து டெக்கில் நிற்பார்கள். இரவு சீக்கிரமே கப்பல் அமைதியாகிவிடும். கலகலப்புதான் முதல் தேவை என்றால் கரீபியனை நம்பிப் போகலாம்.

மூன்றாம் படி: கம்பெனிகளின் குணம்

கார்னிவல்: 1972இல் மயாமியில் தொடங்கிய கம்பெனி. தங்கள் கப்பல்களை ‘ஃபன் ஷிப்’ என்றே விளம்பரம் செய்கிறார்கள், அதில் பொய்யில்லை. சக பயணிகள் தாமாக வந்து பேசுவார்கள். நம் ஊர் ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் இட்லிப் பொட்டலத்தை நீட்டுவோமே, அந்த மாதிரி மனசு. பியானோ பார் இருக்கிறது, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து பாடலாம். பஞ்ச்லைனர் என்ற நகைச்சுவை அரங்கில் முன்னிரவுக் காட்சி குடும்பத்துக்கு, பின்னிரவுக் காட்சி பெரியவர்களுக்கு. சத்தம் போதும் என்று தோன்றினால் செரினிட்டி என்ற பகுதி இருக்கிறது. 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், தனிக் கட்டணம் கிடையாது. மார்டி கிரா, செலிப்ரேஷன், ஜூபிலி ஆகிய பெரிய கப்பல்களில் ரோலர் கோஸ்டரே ஓடுகிறது. ஆனால் பழைய, சிறிய கப்பல்களில் போகும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் நம் வயதுக்குக் கொஞ்சம் அதிகப்படி.

ராயல் கரீபியன்: எல்லா வயதுக்கும் எல்லாம் வைத்திருப்பது இவர்கள் பலம். 2024 ஜனவரியில் வந்த ஐகான் ஆஃப் த சீஸ் இரண்டரை லட்சம் டன்னை ஒட்டிய கப்பல். கேபினுக்கு இருவர் கணக்கில் 5,610 பேர், முழுக்க நிரம்பினால் 7,600 பேர். குழந்தைகள் நிறைய இருப்பார்கள். ஆனால் அவ்வளவு பெரிய இடத்தில் நம் மூலையை நாம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஸ்கூனர் பாரில் பியானோ, பொலேரோஸில் லத்தீன் பேண்டும் சல்சாவும், பப்பில் ஒருவர் கிட்டார் வாசிப்பது, நடுவே ராயல் ப்ராமனாட் என்ற கடைவீதியில் ஊர்வலமும் ஆட்டமும் என்று ஒரே இரவில் நான்கு இடம் மாறலாம். பல கப்பல்களில் சோலேரியம் என்ற பகுதிக்கு 16 வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் போகலாம். பெரிய கப்பல்களில் மேடை நிகழ்ச்சிகளுக்கு முன்கூட்டியே செயலியில் இடம் பிடிக்க வேண்டும். இதை மறந்தால் நல்ல நிகழ்ச்சி கைவிட்டுப் போகும்.

நார்வீஜியன்: குறிப்பிட்ட நேரத்தில் சாப்பாடு, குறிப்பிட்ட உடை என்ற கட்டுப்பாடுகளை 2000இல் தளர்த்திய கம்பெனி. கோட் சூட் மாட்டிக்கொள்ளப் பிடிக்காதவர்களுக்கு ஏற்றது. இரண்டு பியானோக்காரர்கள் போட்டி போட்டு வாசிக்கும் நிகழ்ச்சி சில கப்பல்களில் உண்டு. நடுத்தர வயதுக் கூட்டம் அங்கேதான் இருக்கும். தனியாகப் போகிறவர்கள் இந்தக் கம்பெனியை முதலில் பார்க்க வேண்டும். 2010இல் வந்த எபிக் கப்பலில் ஒருவருக்கு மட்டுமான ஸ்டுடியோ கேபின்களைக் கொண்டுவந்தார்கள், அவர்களுக்கென்றே பொதுவாக ஒரு கூடமும் வைத்தார்கள். மற்ற இடங்களில் தனியாள் இரட்டை கேபின் எடுத்தால் பெரும்பாலும் இருவர் கட்டணத்தை ஒட்டிக் கட்ட நேரிடும். கணவரை இழந்தவர்கள், தனியாக வாழ்கிறவர்கள் துணை தேடிக் காத்திருக்காமல் கிளம்ப இது பெரிய வசதி.

வெர்ஜின் வாயேஜஸ்: 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும். ஸ்கார்லெட் லேடி என்ற முதல் கப்பல் 2021இல் பயணிகளோடு கிளம்பியது. குழந்தைகள் கிடையாது, பஃபே வரிசை கிடையாது, எல்லா உணவகங்களும் கட்டணத்திலேயே அடக்கம். எல்லோரும் சிவப்பு உடுத்தி வரும் ஸ்கார்லெட் நைட் பார்ட்டி புகழ்பெற்றது. டாட்டூ குத்தும் கடையும் கப்பலிலேயே இருக்கிறது. முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் கணிசமாக வருகிறார்கள். நிகழ்ச்சிகளில் கொச்சையும் துணிச்சலும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அது ஒத்துக்கொள்ளும் என்றால் இதைவிடக் கலகலப்பான கப்பல் இல்லை. முகம் சுளிப்பவர் கூட வருகிறார் என்றால் வேண்டாம்.

செலிப்ரிட்டி: ஐம்பது வயதுத் தம்பதிக்கு ஒரே ஒரு பெயர் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். 2018இல் வந்த எட்ஜும் அதே வகையில் அடுத்து வந்த கப்பல்களும் அழகானவை. மார்ட்டினி பாரில் பார்டெண்டர்கள் பாட்டில்களைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற வித்தையே தினம் ஒரு காட்சி. சாப்பாடு நன்றாக இருக்கும், கூட்டம் நெரிக்காது, ஆட்டமும் உண்டு. ஒரு மணி, இரண்டு மணி வரை ஆட வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் இது போதாமல் போகலாம்.

எம்எஸ்சியும் கோஸ்டாவும் ஐரோப்பியக் குணம் கொண்டவை. மத்தியதரைக் கடலில் இரவுச் சாப்பாடே தாமதமாகத் தொடங்கும், அதற்குப் பிறகு அறுபது வயது இத்தாலிய ஜோடிகள் ஆடுவதைப் பார்த்தால் நமக்கும் கால் துறுதுறுக்கும். அறிவிப்புகள் பல மொழிகளில் வரும். பார்சலோனா, மார்செய், ஜெனோவா என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆள் ஏறி இறங்குவதால், எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கும் உணர்வு கிடைக்காது. பேச்சுத் துணை முக்கியம் என்றால் இதை யோசிக்க வேண்டும். எம்எஸ்சியின் ஐரோப்பியப் பயணங்களில் சாப்பாட்டு மேசைக்கு வரும் தண்ணீர் பாட்டிலுக்கும் காசு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹாலண்ட் அமெரிக்கா என்றால் வயதானவர்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். ஆட்டத்தைவிட இசை பெரிது என்கிறவர்கள் அப்படித் தள்ள வேண்டாம். கோனிங்ஸ்டாம், ரோட்டர்டாம் போன்ற புதிய கப்பல்களில் மியூசிக் வாக் என்ற பகுதியில் அடுத்தடுத்து இசை அரங்குகள். நல்ல வாத்தியக்காரர்கள். குனார்ட் கம்பெனியின் குவீன் மேரி 2 கப்பல் வேறொரு ரகம். சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏழு இரவு, குவீன்ஸ் ரூம் என்ற பெரிய நடன அரங்கில் முழு இசைக்குழு, ஜோடியாக ஆடும் வால்ட்ஸ். முறைப்படி நடனம் கற்றவர்களுக்கு அதுதான் சொர்க்கம். வைக்கிங்கில் குழந்தைகளும் இல்லை, கேசினோவும் இல்லை. அருமையான கம்பெனி, ஆனால் கலகலப்புக்கு அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து கிட்டத்தில் முடிக்க வேண்டும் என்றால் இரண்டு வழி. சிங்கப்பூர் போனால் ராயல் கரீபியனின் பெரிய கப்பல்களும், 2022இல் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் என்ற பெயரில் அங்கே ஓடத் தொடங்கிய ஜென்டிங் ட்ரீம் கப்பலும் இருக்கின்றன. ஜென்டிங் ட்ரீமில் இந்தியப் பயணிகள் அதிகம், இந்திய சைவச் சாப்பாடும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை கிளம்புவதைவிட வாரத்தின் நடுவில் கிளம்புவதில் நெரிசல் குறைவு. இந்தியாவிலேயே கார்டீலியாவின் எம்ப்ரஸ் இருக்கிறது. 1990இல் ராயல் கரீபியனுக்காகக் கட்டிய கப்பல். மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு என்று போகும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. பாலிவுட் பாட்டும் குடும்பக் கூட்டமுமாகக் கலகலப்புக்குக் குறைவிருக்காது. பெரிய புதுக் கப்பலின் வசதியை மட்டும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

நான்காம் படி: நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு கப்பலும் தினமும் நிகழ்ச்சி நிரல் வெளியிடும். ராயல் கரீபியனில் அதற்குப் பெயர் க்ரூஸ் காம்பஸ், கார்னிவலில் ஃபன் டைம்ஸ், நார்வீஜியனில் ஃப்ரீஸ்டைல் டெய்லி. போய்வந்தவர்கள் இவற்றைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருப்பார்கள். கப்பல் பெயர், நிரலின் பெயர், வருடம் மூன்றையும் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். கடந்த ஒரு வருடத்துக்குள் வந்ததாக, நீங்கள் போகப்போகும் மாதத்தை ஒட்டியதாக இருந்தால் உத்தமம்.

கிடைத்ததும் நேராக இரவு ஒன்பதரைக்குப் பிறகு வரும் பகுதிக்குப் போங்கள். ஒரே நேரத்தில் எத்தனை இடத்தில் ஏதாவது நடக்கிறது? அதில் லைவ் இசை எத்தனை, பதிவு செய்த பாட்டை டிஜே போடுவது எத்தனை? உங்களுக்குப் பிடித்தது பதினொன்றரைக்கு மேலும் ஓடுகிறதா? 70கள், 80களின் பாட்டுக்கென்று தனி இரவு இருக்கிறதா? அந்த இரவில் ஆடுகிறவர்கள் முக்கால்வாசி நம் வயதுதான். அப்புறம் கடல் நாளின் பகல் பகுதியைப் பாருங்கள். நடன வகுப்பு, கேள்வி பதில் போட்டி, கரோக்கி என்று மணிக்கு மணி ஏதாவது இருந்தால் பழக்கம் பிடிப்பது சுலபம். பகல் முழுக்க நகைக்கடைத் தள்ளுபடியும் பிங்கோவும்தான் என்றால் வேறு கப்பலைப் பாருங்கள்.

இதோடு யூடியூபில் அந்தக் கப்பலின் இரவுக் காட்சிகளையும் பார்த்துவிடுங்கள். பேசுகிறவரைவிடப் பின்னால் நடமாடும் கூட்டத்தைக் கவனியுங்கள். வயதும் உற்சாகமும் அங்கே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: கேபின்

கலகலப்பான கப்பலில் நல்ல தூக்கம் கேபினின் இடத்தைப் பொறுத்தது. கப்பலின் டெக் வரைபடத்தில் உங்கள் கேபினுக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குள டெக் இருந்தால் விடியற்காலை நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே தியேட்டரோ டிஸ்கோவோ இருந்தால் நள்ளிரவு வரை அதிர்வு. மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளம் நல்லது. தலைசுற்றல் வருகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுக்க வேண்டும். கப்பலின் அசைவு அங்கேதான் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள் லிஃப்டுக்குப் பக்கத்தில் எடுங்கள். ஐகான் 365 மீட்டர் நீளம், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தினம் பலமுறை நடக்க வேண்டியிருக்கும். கம்பெனியே கேபினை ஒதுக்கும் மலிவு டிக்கெட்டில் இந்த எதுவும் உங்கள் கையில் இல்லை.

சாப்பாட்டு மேசையும் இதே அளவு முக்கியம். ஜோடியாகப் போய்ப் புது நட்பு வேண்டும் என்றால், நேரம் குறித்த இரவுச் சாப்பாட்டில் பிந்தைய வரிசையைக் கேட்டு, எட்டுப் பேர் உட்காரும் பகிர்வு மேசை வேண்டும் என்று முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள். தினமும் அதே ஆட்களோடு சாப்பிடும்போது வரும் சிநேகம் எந்த பார்ட்டியிலும் வராது. சைவம் என்றால் அதையும் பதிவின்போதே சொல்லிவிட்டு, முதல் நாள் இரவு பரிமாறுகிறவர்களிடம் மறுபடி நினைவூட்டுங்கள். சமையல்கூடத்தில் இந்தியர்கள் இருக்கும் கப்பல்கள் நிறைய.

ஆறாம் படி: உண்மையான செலவு

விளம்பரத்தில் பார்க்கிற தொகை பாதிக் கதைதான். அமெரிக்கக் கம்பெனிகளில் டிப்ஸ் மட்டுமே ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். 18 டாலர் என்று வைத்தாலும் இருவருக்கு ஏழு இரவில் 252 டாலர். நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிக் குடிக்கும் மது பேக்கேஜ் நாளுக்கு 70 டாலர் என்றால் ஏழு நாளுக்கு 490, அதற்கு மேல் சேவைக் கட்டணம் 18 சதவீதம் என்று வைத்தால் ஒருவருக்கு 578. கார்னிவலிலும் ராயல் கரீபியனிலும் ஒரே கேபினில் ஒருவர் இதை வாங்கினால் மற்ற பெரியவரும் வாங்க வேண்டும் என்பது விதி. ஒருவர் மட்டும் குடிப்பவர் என்றால் பேக்கேஜ் இல்லாமல் கோப்பை கோப்பையாக வாங்குவதே மலிவு. வைஃபை, சிறப்பு உணவகம், கரையில் சுற்றுலா இவை எல்லாம் தனி. இவற்றைக் கூட்டிய பிறகு செலிப்ரிட்டிக்கும் கார்னிவலுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். பல சமயம் முதலில் தோன்றியதைவிடக் குறைவாக இருக்கும்.

ஏழாம் படி: விசா, உடம்பு, பதிவு

இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கப்பல் வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பி வருவதும் மறுநுழைவுதான். அமெரிக்க விசாவோ, ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவோ பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். வழியில் துருக்கியோ துனிசியாவோ இருந்தால் அதன் விதிகளையும் தனியாகப் பாருங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். கப்பல் மருத்துவமனையில் கட்டணம் அதிகம்; நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் இன்னும் பல மடங்கு. அவசர வெளியேற்றச் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுத்த பிறகே கிளம்புங்கள்.

பதிவு செய்யும்போது முன்பணம் கட்டினால் போதும். முழுத் தொகைக்கான கடைசித் தேதி பெரும்பாலும் பயணத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்பு வரும். அதுவரை வாரம் ஒருமுறை அதே கேபின் வகையின் விலையைப் பாருங்கள். குறைந்திருந்தால் முகவரையோ கம்பெனியையோ கூப்பிட்டு விலையை மாற்றித் தரச் சொல்லலாம். பணம் கட்டும் முன் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அந்தத் தேதியில் கப்பலையோ அதன் பெரும் பகுதியையோ ஏதாவது நிறுவனம் மொத்தமாக எடுத்திருக்கிறதா? அந்த வாரம் எந்த நாட்டுப் பள்ளிகளுக்காவது விடுமுறையா? கப்பலில் ஏதாவது அரங்கு பழுதுபார்ப்புக்காக மூடப்படுகிறதா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும், அதே கப்பலில் அடுத்த வாரத்தின் விலையைக் கேளுங்கள்.